இருபது மைல் கடலும் ஒரு பாஸ்போர்ட்டும்

தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நாம் நின்று கொண்டிருந்தபோது, சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசி திடீரென்று ஒலித்தது. எடுத்துப் பார்த்தோம். இலங்கைக்கு நம்மை வரவேற்று ஒரு செய்தி வந்திருந்தது. நாமோ இலங்கைக்குப் போகவில்லை. நம் இரண்டு கால்களும் இராமநாதபுரம் ஜில்லாவின் மணலில்தான் புதைந்திருந்தன. ஆயினும், அக்கரையிலிருந்து காற்றிலே வந்த ஏதோ ஓர் அலை நம்மை விருந்தாளியாகப் பாவித்துக் கொண்டு விட்டது. பாஸ்போர்ட்டு கேட்கவில்லை, விஸா கேட்கவில்லை, எங்கள் பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார் என்றும் கேட்கவில்லை. மனிதர்களைக் காட்டிலும் யந்திரங்களுக்குத் தாராள மனம் அதிகம் போலும்!

இடிந்த மாதா கோயிலையும், கூரையற்ற ரயில்வே கட்டிடங்களையும் வாசகர்களில் பலர் படங்களிலேனும் பார்த்திருப்பார்கள். 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த ரயிலோடும் ஜனங்களோடும் கூட அந்த ஊர் அழிந்தது. இப்போது சங்கு விற்பவர்களும், பொரித்த மீன் விற்பவர்களும், படம் பிடித்துக் கொள்ளுகிறவர்களுமாக அவ்விடம் திருவிழாக் கோலமாய் இருக்கிறது. அதைப் பற்றி விஸ்தரிக்க நாம் விரும்பவில்லை. நாம் அங்கே போனது அந்த ஊருக்காக அல்ல. அந்த ஊர் ஒரு காலத்தில் எந்த வழிக்கு வாசற்படியாக இருந்ததோ, அந்த வழிக்காகவே போனோம்.

பாம்பன் பாலம் 1914-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே போட் மெயில் தனுஷ்கோடி வழியாக ஓடத் தொடங்கியது. எழும்பூர் ஸ்டேஷனில் ஒரே டிக்கெட்டு வாங்கினால் போதும். தனுஷ்கோடி வரையில் ரயில், பிறகு 'இர்வின்', 'கோஷன்' போன்ற கப்பல்கள், தலைமன்னாரில் இறங்கினால் மறுபடியும் ரயில், காலையில் கொழும்பு. நடுவில் இருந்த கடல் ஏறக்குறைய இருபது மைல். சென்னையிலிருந்து காஞ்சிபுரத்திற்குப் போகிற பிரயாணி இதைக் காட்டிலும் அதிக தூரம் போகிறார்!

அக்காலத்தில் இந்தக் கடலைக் கடக்கப் பாஸ்போர்ட்டு வேண்டியிருக்கவில்லை. இரு கரையும் ஒரே சாம்ராஜ்யம். இரு கரையிலும் இருந்தவர்கள் ஒரே அரசனின் குடிகள். கையில் பெட்டியுடன் போன வியாபாரிக்கு டிக்கெட்டே போதுமானதாயிருந்தது. ஆனால், கங்காணியின் பின்னே போன கூலியாளுக்கு மட்டும் ஒரு பத்திரம் உண்டு. காகிதப் பத்திரம் அல்ல. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்த ஒரு சிறு தகர வில்லை! அதைக் கழுத்தில் கட்டிக் கொண்டு, மண்டபம் முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, அம்மை குத்திக் கொண்டு, திருச்சி ஜில்லாவிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இந்த ரயிலும் கப்பலும் வருவதற்கு முந்திய தலைமுறையினர் தோணியில் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டு வழியே மாத்தளை வரையில் நடந்தே சென்றார்கள். அவர்களில் எத்தனையோ பேர் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டு போனார்கள். பிழைத்து மலை ஏறியவர்கள்தான் முதலில் காப்பியையும், பிறகு தேயிலையையும் நட்டு, அந்தத் தீவின் பொக்கிஷத்தை நிரப்பினார்கள். 1927-ஆம் வருஷம் மகாத்மா காந்தி கதர் நிதிக்காக இலங்கைக்கு எழுந்தருளியபோது, தோட்டத் தொழிலாளிகளும் தங்கள் அற்பக் கூலியிலிருந்து காசு போட்டார்கள்.

1948-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதற்கு முந்திய வருஷம் நடந்த தேர்தலில் இந்தத் தொழிலாளிகள் வாக்களித்து, தங்கள் காங்கிரஸின் சார்பில் ஏழு பேரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சுதந்திரம் வந்த அதே வருஷத்திலேயே பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. தீவிலே பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கேயே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அதையெல்லாம் ரூபிக்கவும் வேண்டும் என்றது சட்டம். வாசகர்களை ஒன்று கேட்கிறோம். உங்கள் பாட்டனார் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள் என்று நாளைய தினம் யாராவது வந்து கேட்டால், எந்தப் பெட்டியைத் திறப்பீர்கள்? சொந்த வீடும் நிலமும் பழைய பத்திரங்களும் உள்ள குடும்பத்தாருக்கே திகைப்பு உண்டாகுமென்றால், லயத்து அறை ஒன்றைத் தவிர வேறொன்றும் அறியாத கூலிக்காரன் எங்கே போவான்?

1949-ல் மற்றொரு சட்டம் செய்து, நீண்ட நாள் வசித்தவர்கள் விண்ணப்பம் போடலாம் என்றார்கள். சுமார் எட்டு லட்சம் பேர் போட்டார்கள். முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஒன்றேகால் லட்சத்திற்குச் சற்று அதிகம். மற்றவர்களுக்கு ஓட்டும் போயிற்று, நாடும் போயிற்று. இந்தியாவோ, "நீங்கள் எந்த நாட்டில் வாழ்கிறீர்களோ அந்த நாட்டின் பிரஜைகள்" என்றது. அந்த நாடு, "நீங்கள் இந்தியாக்காரர்கள்" என்றது. இருபது மைல் கடலின் நடுவே லட்சக்கணக்கான ஜனங்கள் காலூன்ற இடமின்றி நின்றார்கள். நம் தலைவர்களிடம் நமக்குள்ள பக்தி சிறிதும் குறைந்ததல்ல. ஆனாலும் இந்த விஷயத்தில் டில்லியும் கொழும்பும் பந்தாடிய காலம் மிக நீண்டது என்று சொல்லாமலிருக்க முடியவில்லை.

1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி லால்பகதூர் சாஸ்திரியாரும் ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதியைப் பின்னால் பார்த்துக் கொள்ளலாம்! 1974-ல் அந்த மீதி ஒன்றரை லட்சத்தையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். ஏழு பேரை இந்தியா ஏற்றுக் கொண்டால் நாலு பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும் என்று ஒரு விகிதமும் உண்டு. கணக்கு வெகு சுத்தம். மளிகைக் கடைக்காரர் கூடக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தத்தின் மை உலர்ந்து இரண்டு மாதம் ஆகுமுன்பே, அவர்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய தனுஷ்கோடியைக் கடல் விழுங்கி விட்டது. ஆகவே ராமேசுவரத்தில் இறங்கினார்கள். 1984 வரையில் அந்தக் கப்பல் ஓடியது. அத்தீவிலிருந்து இவ்வாறு திரும்பியவர்கள் குழந்தை குட்டிகளையும் சேர்த்து நாலரை லட்சத்திற்கும் மேல்.

அவர்களில் சிலரையாவது நேரில் கண்டு பேச வேண்டும் என்று எண்ணினோம். தென் கன்னடத்துப் புத்தூர், சுள்ளியா ரப்பர்த் தோட்டங்களுக்கும், நூல் மில்களுக்கும், இன்னும் பல இடங்களுக்கும் அவர்களை அனுப்பினார்கள். பலர் போன இடம் நீலகிரி. அவர்களுக்கென்றே 1968 முதல் சர்க்கார் அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. நாமும் அரிச்சல்முனையிலிருந்து திரும்பி, மறு வாரம் பந்தலூர்ப் பக்கம் மலை ஏறினோம்.

அங்கே ஒரு வரிசை வீட்டின் திண்ணையில், அறுபத்தேழு வயதுள்ள ஓர் அம்மாள் நமக்குப் பால் கலவாத தேநீர் கொடுத்தார். உள்ளங்கையில் சீனி வைத்துக் கொண்டு நக்கி நக்கிக் குடிக்கும் வழக்கத்தை அப்போதுதான் நாம் கற்றுக் கொண்டோம். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய பழைய பாஸ்போர்ட்டு ஒன்றை எடுத்தார். அவருடைய தகப்பனாருக்கு இந்திய சர்க்கார் கொடுத்தது. கையால் எழுதிய பக்கங்கள். தாய் தகப்பன் படம். கீழே பிள்ளைகளின் பெயர்கள். பதினாலு வயதுப் பெண்ணாக இவருடைய பெயரும் அங்கே இருந்தது. பக்கங்களைப் புரட்டினோம். இரண்டே இரண்டு முத்திரைகள். தலைமன்னாரில் புறப்பட்டதற்கு ஒன்று. ராமேசுவரத்தில் இறங்கியதற்கு ஒன்று. வருஷம் 1972. அப்புறம் எல்லாப் பக்கமும் வெறுமை.

"ஒரே அடுப்புக்கு ரெண்டு தேசம் ஐயா," என்றார் அந்த அம்மாள். "அப்பா இந்தியாவுக்கு எழுதிட்டாரு. அண்ணன் கலியாணம் முடிச்சுத் தனி லயத்துக்குப் போயிருந்துச்சு. மாமனார் சொல்லி, அது சிலோனுக்கு எழுதிச்சு. ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினா என்னமோ ஒண்ணாவது கெடைக்கும்னு நெனைச்சாங்க. ரெண்டுமே கெடைச்சிருச்சு."

ஹாட்டனிலிருந்து தலைமன்னாருக்கு வந்த ரயிலைப் பற்றிக் கேட்டோம். அதற்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயராம். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் அழுகை. அவருடைய அண்ணன் நாவலப்பிட்டி வரையில் கூட வந்து இறங்கிக் கொண்டாராம். அவ்வளவு தூரத்துக்குத்தான் அவர் கையில் டிக்கெட்டுக்குக் காசு இருந்ததாம்.

"அங்கே எங்களை இந்தியாக்காரன்னு சொன்னாங்க. இங்கே வந்த நாளா சிலோன்காரன்னு சொல்றாங்க. பேரு மட்டும் மாறிக்கிட்டே இருக்கு ஐயா, வேலை அதே கொழுந்துதான்," என்று சொல்லிச் சிரித்தார்.

அண்ணனைப் பார்க்க ஒரு முறையாவது போக வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன் புதுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதினாராம். ஓர் ஆபீஸிலே இவர் பிறந்த இடம் 'சிலோன்' என்று இருப்பதைக் கண்ட உத்தியோகஸ்தர், "நீ அகதியா? முகாமிலிருந்து வருகிறாயா?" என்று கேட்டிருக்கிறார். தகப்பனாரின் பழைய பாஸ்போர்ட்டைக் காட்டினாராம். அதைப் பார்த்த பிறகும் மூன்று முறை அலைய விட்டார்களாம். அத்துடன் அம்மாள் அந்த ஆசையை விட்டு விட்டார். இந்தியப் பிரஜை ஒருவர், இந்திய சர்க்காரே கொடுத்த பத்திரத்தைக் கையில் வைத்துக் கொண்டு, தாம் இந்தியர்தாம் என்று கெஞ்ச வேண்டியிருந்ததே என்று நமக்கு வெகு நேரம் மனம் ஆறவில்லை.

நாம் இலங்கைக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்ததும், நீலகிரித் தைலம் ஒரு புட்டியை நம் கையில் கொடுத்தார். "அண்ணனுக்கு முழங்கால் வலியாம். மதினி சுடுற ரொட்டி கெடைச்சா ஒண்ணு தின்னுட்டு வாங்க," என்றார்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-ஆம் வருஷம் அக்டோபரில் தொடங்கிய கப்பலில் போனோம். நம் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி நம் முகத்தை ஒரு தடவை பார்த்தார், முத்திரை குத்தினார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. பெற்றோர் பிறந்த ஊரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தலைமன்னாருக்கும் போய், துருப் பிடித்து நிற்கும் பழைய கப்பல் துறையைப் பார்த்தோம். அங்கிருந்து ரயிலும் பஸ்ஸுமாக இரண்டு நாளில் ஹாட்டன் சேர்ந்தோம்.

அண்ணனுக்கு எழுபத்தைந்து வயது. தைலப் புட்டியை முகர்ந்து பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். இலங்கைக்கு 'எழுதி'யவருக்கும் பிரஜாவுரிமைச் சீட்டு 1980-களில்தான் கைக்கு வந்ததாம். விண்ணப்பமே போடாமலும், இந்தியாவுக்கு எழுதிவிட்டுப் போக முடியாமலும் இருந்தவர்களின் துயரம் தீர, 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. 1964 அக்டோபர் 30 முதல் தீவில் வசித்து வந்தவர்களும் அவர்கள் சந்ததியாரும் பிரஜைகளாகலாம் என்றது அச்சட்டம். பங்கு போட்ட அதே தேதி! பிரஜாவுரிமை கிடைத்தும், காலடியில் உள்ள மண் இன்னும் அவருக்குச் சொந்தமில்லை. அவர் குடியிருப்பது தோட்டத்து லயம். கடிதமும் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது.

பேத்தி கொழும்பிலே துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். அவளுடைய பிடிவாதத்தினால் கிழவர் சென்ற வருஷம் பாஸ்போர்ட்டு எடுத்திருந்தார். பழுப்புக் காகித உறையிலிருந்து அதை எடுத்து நம்மிடம் காட்டினார். ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை. இந்திய விஸாவுக்கான படிவமும் உறையிலேயே இருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் நாமே நிரப்பிக் கொடுக்க உட்கார்ந்தோம்.

"தகப்பனார் பிறந்த ஊர்?"

"இதே தோட்டம், மேல் பிரிவு. அவங்க அப்பாதான் துறையூர்ப் பக்கம்."

துறையூரைக் கேட்க அதிலே கட்டம் இல்லை. இந்தியாவில் யாரைக் காண்பது என்ற இடத்தில் தங்கையின் பெயரையும் பந்தலூர் விலாசத்தையும் எழுதினோம். பிரயாணத்தின் நோக்கம் என்ற இடத்தில் வழக்கம்போல் 'சுற்றுலா' என்று எழுதிவிட்டு, அவர் கேட்டதற்கு அர்த்தம் சொன்னோம்.

"ஊர் சுத்திப் பாக்கவா?" என்றார் பெரியவர். "நான் ஊர் பாக்கப் போகலீங்க ஐயா. தங்கச்சியப் பாக்கப் போறேன்."

அடித்துவிட்டு வேறு எழுதினோம். அதற்குள் உள்ளே ரொட்டி வெந்த மணம் வந்தது.