தனியவோ வந்தனீங்கள்?

கொழும்பிலிருந்து தன் ஊரான பருத்தித்துறைக்குத் தானே கார் ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கனடாவின் ஸ்காபரோவில் வாழும் ஒரு பெண்மணிக்கு ஏன் தோன்றியது என்று கேட்டால், ஆளுக்கொரு காரணம் சொல்வார். "பஸ்ஸிலை எனக்குச் சத்தி வரும்" என்பது ஒன்று. "இவ்வளவு காலமும் ஆரோ கூட்டிக்கொண்டு போய்த்தான் எல்லா இடமும் போயிருக்கிறன்" என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நம்பத் தோன்றுகிறது. 1993இல் அவர் ஊரை விட்டு வந்ததே பிறர் தயவில்தான். ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடிக் கிடந்த காலம் அது. சனம் கிளாலிக் கடல்நீரேரியைத்தான் நம்பியிருந்தது. இரவில், விளக்கில்லாமல், கடற்படையின் கண்ணில் படாமல் படகில் கடக்க வேண்டும். அக்கரையில் இறங்கிய அவருக்கு அன்றிரவு பாயும் சோறும் கொடுத்தது பூநகரிப் பக்கத்து வீடொன்று. அந்த வீட்டுக்காரரின் பெயர் அவருக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது.

அவருடைய பெயரும் இங்கே இல்லை. அது அவர் போட்ட நிபந்தனை. ஐம்பதைத் தாண்டியவர், முதியோர் இல்லமொன்றில் வேலை, 401 நெடுஞ்சாலையில் பனிகொட்டும் நாளிலும் கார் ஓட்டிப் பழகியவர். 2024 மே மாதம் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தோடு வந்து, கொழும்பில் அதற்கு வேண்டிய அங்கீகாரத்தையும் எடுத்துக்கொண்டு, சின்னக் கார் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். இடப்பக்கமாக ஓட்டுவது இரண்டொரு மணித்தியாலத்தில் கைவந்துவிட்டது. ஊர்மனை தாண்டிய வெறும் வீதியிலும் மணிக்கு 70 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் அவரைச் சோதித்தது. கொழும்பு உறவினர் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "தனியவோ?" பயணம் முழுக்க அவர் காதில் விழுந்ததும் அதே கேள்விதான். உறவினர் கேட்டால் அது கண்டனம். வழியில் ஊர் பேர் தெரியாதவர் கேட்டால் அடுத்தது சாப்பாடு.

நீர்கொழும்பு, சிலாபம் தாண்டினால் புத்தளம். உப்பளங்களுக்கும் கழுதைகளுக்கும் பேர்போன ஊர். அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தினார். "ஒரு பிளேன்ரி தாங்கோ" என்றதுமே கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தாராம்.

"யாழ்ப்பாணமா?"

"ஓம் நானா. பருத்தித்துறை."

"நாங்க சோனகதெரு."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஏன் என்பது அந்தத் தலைமுறை யாழ்ப்பாணத்தாருக்குத் தெரியும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்த விடுதலைப் புலிகள், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். நகையும் பணமும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார், முல்லைத்தீவு உட்பட வடமாகாணம் முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். புத்தளத்துக்காரர் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டார்கள், தோட்டக் காணியில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். நாலு நாள் விருந்தென்று நினைத்தது முப்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. தண்ணீருக்கும் பள்ளிக்கூட இடத்துக்கும் வேலைக்கும் பிறகு மனத்தாங்கல் வந்ததும் உண்மை. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எப்படிப் பார்த்தாலும், இந்தத் தீவில் முகம் தெரியாதவருக்குச் செய்த உபசாரங்களில் இதைவிடப் பெரியது அதிகம் இல்லை. தமிழில் நாம் மிகக் குறைவாக எழுதியிருப்பதும் இதைப்பற்றித்தான்.

கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். 2002இல் யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் அவர் போய்ப் பார்த்திருக்கிறார். வீட்டில் சுவர் மட்டும் நின்றதாம், கூரை இல்லை. அதற்குப் பிறகும் பலமுறை போய் வந்திருக்கிறார். ஆகவே, ஊரைப்பற்றி ஊர்க்காரிக்குச் சொன்னது அவர்: எந்தச் சந்தியில் எரிபொருள் நிரப்பலாம், எந்த இடத்தில் மாடு குறுக்கே வரும், முறிகண்டியில் எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும். ஊர்க்காரிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. தான் செய்யாத ஒன்றுக்குத் தான் எப்படிக் கேட்பது, கேட்டால் அந்த மனிதர் என்ன பதில் சொல்வது என்று யோசித்துப் பேசாமல் இருந்துவிட்டார். காசை நீட்டியபோது, "உள்ளுக்கு வைங்க தங்கச்சி. ஊர்ப்பிள்ளையிட்டயா காசு வாங்குறது?" என்றவர், இரண்டு பணிஸையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகும் வீதியில், நொச்சியாகமைக்குக் கிட்ட, டயரில் காற்று இறங்கியது. அவருக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் ரிக்கற் எடுக்கும் அளவு. வயல் கரை வீட்டிலிருந்து ஒரு தகப்பனும் மகனும் வந்து, கேட்காமலே ஜாக்கி வைத்தார்கள். வெயிலில் நிற்க வேண்டாம் என்று கையால் காட்டி, வீட்டம்மா அவரை உள்ளே கூட்டிப்போய் இருத்தினார். சீனி போடாத தேத்தண்ணி, கடித்துக் குடிக்க ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. சுவரில் இராணுவச் சீருடையில் ஓர் இளைஞனின் படம். அதன்முன் சின்ன மின்விளக்கு எரிந்தது. அனுராதபுர மாவட்டத்தின் கிராமங்களில் இப்படியான படம் இல்லாத தெரு குறைவு. வீட்டம்மா படத்தைப் பார்க்கவில்லை, இவரும் கேட்கவில்லை. "தனியமத?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டார். இவர் தலையாட்டியதும் ஒரு சீப்பு வாழைப்பழம் காருக்குள் ஏறியது.

ரம்பேவையில் ஏ9 வீதி வந்து சேர்கிறது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறக்குறைய 321 கிலோமீற்றர் நீளும் இந்த வீதி போரில் மூடுவதும் திறப்பதுமாகக் கிடந்தது. 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தத்தோடு திறந்தது, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. திறந்திருந்த காலத்திலும் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பதிந்து, பொதியை அவிழ்த்துக் காட்டி நடக்க வேண்டும். இன்று ஓமந்தையைக் கார் எப்போது தாண்டியது என்றே அவருக்குத் தெரியவில்லை. முறிகண்டியில் மட்டும் எல்லா வாகனமும் நிற்கிறது. தமிழன் சிங்களவன் பார்க்காமல் சாரதிகள் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்கிறார்கள், கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். கச்சானின் ருசி மாறவில்லை என்பது அவருடைய தீர்ப்பு.

கிளிநொச்சியில் வீதியோரம் பிள்ளைகள் சிலர் கையை நீட்டிக் காரை மறித்தார்கள். பக்கத்தில் அடுப்பு, பெரிய கிடாரம். முள்ளிவாய்க்கால் கஞ்சி. 2009இல் போரின் கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் கடற்கரை மணலில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்து உயிர் பிழைத்த கஞ்சி அது: அரிசி, தண்ணீர், உப்பு. இப்போது ஒவ்வொரு மே மாதமும், 18ஆம் திகதி நினைவுநாளுக்கு முந்திய வாரம் முழுக்க வடக்கிலும் கிழக்கிலும் சந்திகளில் காய்ச்சி, போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். சிரட்டையில் வாங்கி, காருக்குச் சாய்ந்து நின்று குடித்தார். எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளில் இருந்த இருவர் கைபேசியால் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று பிள்ளைகளிடம் கேட்டபோது, "அவை ஒவ்வொரு வருசமும் வருவினம் அன்ரி" என்று சிரித்தார்களாம். சிரிக்க முடியாத இடங்களும் உண்டு. அதே மே மாதம், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்த விடயத்தில் பெண்கள் உட்பட நால்வர் கைதானார்கள்.

ஆனையிறவு வெளியில் நிற்கவில்லை. கொடிகாமத்தில் ஏ9ஐ விட்டு வலப்பக்கம் திரும்பினார். வரணி, முள்ளி, நெல்லியடி. ஒருகாலத்தில் தட்டி வான்கள் தேங்காய்க்கும் வாழைக்குலைக்கும் இடையில் ஆட்களை ஏற்றி ஓடிய வீதி.

ஊர் வேறு மாதிரி. பருத்தித்துறையில் சந்திக் கடை ஒன்றில் இறங்கி வழி கேட்டதும், "நீங்கள் ஆற்றை மகள்?" என்றது கடை. தகப்பன் பெயர் போதவில்லை. பேரன் பெயர் சொல்லி, குறிச்சி சொல்லி, தாய்மாமன் படிப்பித்த பள்ளிக்கூடம் சொல்லிய பிறகுதான் முகம் மலர்ந்தது. மலர்ந்ததும் அடுத்த கேள்விகள்: என்ன சம்பளம், பிள்ளைகள் கலியாணம் முடித்தாயிற்றா, காணியை விற்கவா வந்தது? பிறகு சோடா வந்தது, பருத்தித்துறை வடை வந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று வீட்டிலிருந்து அழைப்பும் வந்தது. புத்தளத்திலும் நொச்சியாகமையிலும் யார் மகள் என்று கேட்காமலே கொடுத்தார்கள். ஊரில் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள், ஏனென்றால் ஊருக்குக் கணக்கு இருக்கிறது. முப்பது வருடம் கடிதம் போடாதவள் என்பதும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

அவருடைய வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது. மயிலிட்டிக்காரர். 1990இல் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, வெறுமனே கிடந்த இந்த வீட்டுக்கு உறவினர் அனுமதியோடு வந்தவர்கள். மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல் விடுவித்தார்கள். பலாலியைச் சுற்றியுள்ள காணிகள் பல இன்னும் இராணுவத்திடம். இவர்களுடையது அந்தப் பலவற்றில் ஒன்று. படலையைத் திறந்த கிழவி, வந்தவர் வீட்டுக்காரி என்று தெரிந்ததும் வெலவெலத்துப் போனார். ஆனாலும் வாயில் வந்த சொல், "வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ." சொந்த வீட்டுக்குள் ஒருவர் விருந்தாளியாக நுழைவது எப்படி என்று எந்தச் சாத்திரத்திலும் எழுதவில்லை. செருப்பைக் கழற்றினார். தான் ஏணை கட்டி ஆடின விறாந்தையில், யாரோ வாங்கிய பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். குசினி இடம் மாறிவிட்டது, கிணறு அப்படியே இருக்கிறது, முருங்கை இல்லை. புட்டும் விளைமீன் குழம்பும் முருங்கையிலை வறையும் போட்டார்கள். முருங்கையிலை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கும் தைரியம் அவருக்கு வரவில்லை. மகன் மட்டும் சாப்பிடாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எழும்பச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அவன் நினைத்ததில் பிழையில்லை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் பலர் அதற்குத்தான் வருகிறார்கள். போகும்போது கிழவியிடம், "இருங்கோ அம்மா, நான் ஒண்டும் சொல்ல வரேல்லை" என்றார். காணிப் பத்திரம் இன்னும் அவருடைய கைப்பையில்தான் இருக்கிறது; என்ன செய்வதென்று முடிவெடுக்கவில்லை.

மாலையில் தும்பளை வீதியில் தெருமூடி மடத்துக்குப் போனார். வீதிக்கு மேலே கூரை, இருமருங்கும் கல்லில் கட்டிய திண்ணை, நடுவால் வாகனம் போகும். வெளியூர் ஆட்கள் இளைப்பாறவென்றே வீதியைக் கட்டடத்துக்குள்ளால் விட்ட ஊர் வேறு எங்கே இருக்கும்? வழிப்போக்கருக்கு மடம், மாட்டுக்குக் கேணியும் ஆவுரோஞ்சிக்கல்லும், தலையில் பாரம் சுமப்பவருக்குச் சுமைதாங்கி என்று யாழ்ப்பாணத்து வீதிகள் முன்பு அமைந்திருந்தன. சுமைதாங்கிகளில் பல, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக நட்டவை. வீதியை அகலிக்கும்போது முதலில் பெயர்த்தெறிவது இவற்றைத்தான். தெருமூடி மடம் தொல்லியல் சின்னமாகிவிட்டதால் தப்பி நிற்கிறது.

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் ஒருநாள் சாப்பிட்டார். அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற கோயில்; மடங்களில் யார் எவர் என்று கேட்காமல் பந்தியில் இருத்துகிறார்கள். கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரையோரமாக நடக்கும் பாதயாத்திரை புறப்படுவதும் இங்கிருந்துதான். முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை என்று வாரக்கணக்கில் போகும் அடியார்களுக்கு வழியூர்களே சோறு போடுகின்றன.

திரும்பும்போது வெசாக். 2024இல் அது மே 23. மதவாச்சிக்குத் தெற்கே மைலுக்கொரு தன்சல் என்ற அன்னதானப் பந்தல்: ஓரிடத்தில் சோறும் கறியும், ஓரிடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஓரிடத்தில் ஐஸ்கிறீம். கொடியை ஆட்டிக் காரை மறித்து, இறங்கமாட்டேன் என்றால் யன்னலால் நீட்டுகிறார்கள். கிடாரமும் அதே, மறிக்கும் பிள்ளைகளின் வயதும் அதே. தன்சல் வைக்கிறவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பதிந்தால் போதும். படம் எடுக்க யாரும் எதிரே நிற்பதில்லை. இரண்டு கிடாரத்திலும் சாப்பிட்டவர் என்ற முறையில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. சொல்லவும் செய்தார், கொஞ்சம் கோபமாகவே.

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்களில் பலர் வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, குளிரூட்டியில் போர்த்திப் படுத்து, விடிய யாழ்ப்பாணத்தில் கண்விழிக்கிறார்கள். நடுவிலுள்ள நாடு அவர்களுக்கு நித்திரையில் போய்விடுகிறது. அடுத்த முறை பகலில் போங்கள். கார் ஓட்டத் தெரிந்தால் ஓட்டிக்கொண்டு போங்கள், தெரியாவிட்டால் புத்தளம் பஸ் ஏறி அங்கிருந்து மாறிப் போங்கள். வீதியோரம் யாராவது கையை நீட்டி மறித்தால் நிறுத்துங்கள். மே மாதமென்றால் காலைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.