வகுபடாத மாலை

நோர்வூட்டைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டமொன்றின் பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் கற்பித்த நான், முதன்மை எண்ணைப் பிள்ளைகளுக்கு அறிமுகஞ் செய்யும்போதெல்லாம், கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அவர்கள் பொறுக்கி வரும் மிலாறுக் குச்சிகளையே சாதனமாகக் கொண்டேன். பன்னிரண்டு குச்சிகளைச் சமமான நிரைகளாகப் பலவிதம் அடுக்கிய சின்னஞ்சிறு கைகள், பதின்மூன்றை ஒரே நெடுநிரையாகவன்றி அடுக்கவியலாது தயங்கி நிற்கும் அந்தக் கணமே எனக்குப் பாடத்தின் ஆரம்பம்.

திருஞானசம்பந்தர் அருளிய மாலைமாற்றுப் பதிகத்தைப் போல, இருபுறமிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே நிற்கும் முதன்மை எண்களை ஒருநாள் தேடச் சொன்னேன். 101, 131, 151 எனத் தொடங்கி மூன்று இலக்கத்தில் பதினைந்தையும் கண்டெடுத்த சிறுமியொருத்தி, "சார், நாலு இலக்கத்துல ஒன்னுகூட வரமாட்டேங்குதே" என்றாள். 2332 என்று கரும்பலகையில் எழுதி, ஒன்றுவிட்டொன்றாக இலக்கங்களைக் கூட்டிக் கழிக்கச் செய்தேன்; 2இல் 3 போய், 3 வந்து, 2 போகப் பூச்சியமே எஞ்சியது. ஆதலால் அது 11ஆல் வகுபடும். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டையாயுள்ள எல்லா மாலைமாற்று எண்களுக்கும் இதுவே விதி; ஆகவே அவற்றுள் 11 ஒன்றே முதன்மை எண். அவள் கேட்ட வினா என் ஆசிரிய வாழ்வின் பெரும்பேறுகளுள் ஒன்று.

ஒன்பதாம் நூற்றாண்டின் மகாவீராசாரியர் தமது கணிதசாரசங்கிரகத்தில் இத்தகைய எண்களைக் கழுத்தணிகளாகவே பாவித்தார். 142857143ஐ 7ஆற் பெருக்க, 1000000001 என்னும் ஆரம் பிறக்கிறது. அவருடைய ஆரங்கள் பெருக்கத்தில் விளைந்தவை. எந்தப் பெருக்கமும் கோத்துத் தராத ஆரம் ஒன்றுண்டு: முதலில் 1, பின் பதின்மூன்று பூச்சியங்கள், நடுவே 666, மீண்டும் பதின்மூன்று பூச்சியங்கள், ஈற்றில் 1. முப்பத்தொரு இலக்கங்கொண்ட இம்முதன்மை எண்ணைக் கண்டவர் ஹார்வி டப்னர். விவிலியத்தில் 666க்குள்ள அபகீர்த்தியை எண்ணி, கிளிஃபோர்ட் பிக்கோவர் இதற்குப் பெல்பெகோர் என்னும் பிசாசின் பெயரைச் சூட்டினார். இத்துணை நிர்மலமான எண்ணுக்கு அப்பெயர் தகாது என்பதே என் அபிப்பிராயம்.

இதன் சமச்சீர் பார்த்தவுடனே கண்ணுக்குப் புலனாகிறது. வகுபடாமையோ அவ்வாறு புலனாவதன்று. ஒவ்வொன்றாக வகுத்தே நிச்சயிப்பதாயின், பத்துக் கோடியைக் கோடியாற் பெருக்கிய எல்லைக்கும் சற்று அப்பால்வரை உள்ள முதன்மை எண்கள் யாவற்றையும் சோதிக்க வேண்டும். அவ்வளவு உழைப்பின்றியே முதன்மைத்தன்மையைத் துணியும் மார்க்கங்கள் உள்ளன. எந்த எண்ணுக்கும் பொருந்தும் அத்தகைய விரைவழி ஒன்றைக் கான்பூரில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் 2002இல் நிறுவினர்.

ஆயினும், ஆசிரிய நண்பர்களே, இவ்வெண்ணை வகுப்பில் எழுதும்போது முடிவை முந்திச் சொல்லிவிடாதீர்கள். 3ஆல், 7ஆல், 11ஆல், 13ஆல் பிள்ளைகளே வகுத்துப் பார்க்கட்டும். மீதிகள் முறையே 2, 4, 8, 3 என வரும்.