செருப்போடு உள்ளே வந்தவர்

அம்மா எடுத்தது குழுக் கடன், 40,000 ரூபாய். அக்காவின் நர்சிங் படிப்புக்கு முதல் வருடக் கட்டணம். மாதம் இரண்டு டியூ, ஒவ்வொன்றும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். வந்தவாசியிலிருந்து தெள்ளார் போகும் சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் காலனி. தொகுப்பு வீடு. ஒரே அறை, அதிலேயே அடுப்பு, அதிலேயே கட்டில், அதிலேயே எங்கள் மூன்று பேரின் புத்தகங்கள்.

2022 ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கோரை காய வெயில் வேண்டும். காயாத கோரையைத் தறியில் ஏற்ற முடியாது. பாய்த்தறி நின்றால் அம்மாவுக்குக் கூலி இல்லை. ஒரு டியூ தவறியது. ஒன்றே ஒன்றுதான்.

அன்று இரவு எட்டு மணிக்கு மேல் கலெக்‌ஷன்காரர் வந்தார். வாசலில் கூப்பிடவில்லை. ஷூவைக் கழற்றாமல் நேராக உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா எழுந்து சுவரோரம் நின்றுகொண்டார். நாங்கள் மூவரும் அடுப்புப் பக்கம் ஒதுங்கினோம். அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தார். "வேணாம்மா, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த "இப்பதான் குடிச்சேன்" எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வசனம். பள்ளிக்கூடத் தோழர்கள் வீட்டுக்கு வந்தபோது கேட்டிருக்கிறோம், தேர்தலுக்கு ஓட்டு கேட்க வந்தவர்களிடம் கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டுத் தண்ணீர் அவருக்கு ஆகாது. எங்கள் கட்டில் மட்டும் ஆகும்.

"பணத்தை வாங்காம நான் எழுந்திருக்க மாட்டேன். இல்லன்னா அந்த டிவிய எடுத்து வண்டியில வெச்சிக்கட்டுமா? உங்க ஆளுங்களுக்குக் கொடுத்தாலே இப்படித்தான்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. பத்து மணி வரை போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில் அம்மா கம்மலைக் கழற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே வைத்துப் பணம் வாங்கி வந்து கொடுத்தார். அவர் போனதும் அக்கா ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள். நாங்கள் யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

தோழர்களே, அன்று எங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் இருந்தன. பிறகு தேடித் தேடிப் படித்தோம். படிக்கப் படிக்கக் கோபம்தான் வந்தது, ஏனென்றால் எல்லாம் அன்றைக்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

மைக்ரோ பைனான்ஸ் கடன்களுக்கென்று ரிசர்வ் வங்கி தனி நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தவணையை வசூலிக்க வேண்டிய இடத்தை இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்துக்குக் கடனாளி தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ ஆள் அனுப்பலாம். அம்மா தவறியது ஒரு முறை. அந்த ஆள் அன்று எங்கள் தெருவுக்கே வந்திருக்கக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடக் கூடாது. அவர் வந்தது எட்டு மணிக்கு. மிரட்டக் கூடாது, கேவலமாகப் பேசக் கூடாது, உறவினர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, கடன் பட்டவர் பெயரை ஊரறியச் செய்யக் கூடாது. குழுக் கடன் அடமானம் இல்லாத கடன். ஆகவே டிவி, சிலிண்டர், சைக்கிள் எதன் மேலும் கம்பெனிக்கு எந்தப் பிடியும் இல்லை.

"வேலைக்குப் போறவங்க ராத்திரிலதானே வீட்ல இருப்பீங்க, அப்ப எப்ப வர்றது?" என்று கேட்பார்கள். செய்யாறு சிப்காட்டுக்கு ஷூ தைக்கப் போகும் அக்காக்கள் வீடு திரும்ப ஏழாகிவிடும், உண்மைதான். அதற்குத்தான் பேசி முடிவு செய்த இடமும் நேரமும். இரவில் வீட்டுக்குள் வந்து உட்காருவதற்கு அது காரணம் ஆகாது.

சரி, டிவியை யார்தான் எடுக்க முடியும்? வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நீதிமன்றம் அனுப்பும் அமீனா எடுக்கலாம். அந்த அமீனாவுக்கும் கட்டுப்பாடு உண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 62-ஆவது பிரிவு: சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் குடியிருக்கும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. 60-ஆவது பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று சொல்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைவினைஞரின் தொழில் கருவி. நீதிமன்றத்தின் ஆளே அந்தியில் வாசலோடு நிற்க வேண்டும் என்றால், ஒரு கம்பெனி அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர் எந்த அதிகாரத்தில் எங்கள் கட்டிலில் உட்கார்ந்தார்?

அந்தத் தொழில் கருவி விஷயத்தை ஆரணிப் பக்கத்துத் தோழர்கள் கவனியுங்கள். பட்டு நெசவில் முன்பணம் வாங்கிக்கொண்டு நெய்பவர்கள் அங்கே நிறைய. கொடுத்தவர் "பணத்த வை, இல்லன்னா ஜக்கார்டு பெட்டிய கழட்டிக்கிட்டுப் போறேன்" என்று மிரட்டியதாக ஒரு நெசவாளி அண்ணன் எங்களிடம் சொன்னார். தறியை இழந்தவர் அந்தக் கடனை எதை வைத்து அடைப்பார்? நெசவாளிக்குத் தறிதான் தொழில் கருவி. அந்த அண்ணனுக்கு இந்தப் பிரிவைப் படித்துக் காட்டினோம். "வெள்ளைக்காரன் காலத்துலயே இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

இனி எங்களை அதிகம் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறோம். "உங்க ஆளுங்க" என்று சொன்னாரே, அதற்கு என்ன செய்ய முடியும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டு உட்பிரிவுகள் இருக்கின்றன. பட்டியல் சாதியினரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். ஆனால் அது "பொதுமக்கள் பார்வையில்" நடந்திருக்க வேண்டும். 2008-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. வாசல் கேட்டருகே திட்டினால் அது பொதுப் பார்வை. வீட்டுக்குள்ளே என்றாலும் உறவினரோ நண்பரோ அல்லாத வெளியாட்கள் இருந்தால் பொதுப் பார்வை. நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் அதையே மறுபடி சொன்னார்கள். 2025 ஜனவரியில் நம் லால்குடியிலிருந்து போன வழக்கிலும் அதே அளவுகோல்தான். அரசு அலுவலக அறைக்குள் நடந்தது பொதுப் பார்வை ஆகாது என்று முடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு இந்த அளவுகோலில் உடன்பாடு இல்லை. வீட்டுக்குள் பிள்ளைகள் முன்னால் வாங்கிய அவமானம் தெருவில் வாங்கியதைவிடக் குறைந்ததா? தம்பி அப்போது ஒன்பதாம் வகுப்பு. அவன் பார்த்தது எந்தப் பார்வைக் கணக்கில் சேரும்? ஆனால் சட்டம் மாறும்வரை அதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. அவரை உள்ளே விடாதீர்கள். வாசலில் நிறுத்திப் பேசுங்கள். வாசலில் அவர் வாய் தவறினால் பார்க்கத் தெருவே இருக்கும், சாட்சி இருக்கும், போனில் பதிவு இருக்கும். உள்ளே வந்துவிட்டால், "வெளியே போங்க" என்று தெளிவாக, மற்றவர் காதில் விழும்படி சொல்லுங்கள். சொன்ன பிறகும் மிரட்டவோ அவமதிக்கவோ உட்கார்ந்திருந்தால் அது அத்துமீறல். பாரதிய நியாய சன்ஹிதா 329-ஆவது பிரிவில் வீட்டுக்குள் அத்துமீறலுக்கு ஒரு வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு.

இந்த வாசல் நமக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைச் சொன்னால் எல்லோருக்கும் பஞ்சமி நிலம் நினைவுக்கு வரும். அதே அறிக்கையில் சேரிக் குடிசை நின்ற மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்த கதையும் உண்டு. கூலி அதிகம் கேட்டால் வீட்டை விட்டே கிளப்பலாம். கடன் ஒரு கையில், மனை ஒரு கையில். அப்படித்தான் ஆளைப் படியாளாக வைத்திருந்தார்கள். குடியிருப்பு மனை குடியிருப்பவருக்கே என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது. கடனுக்கு ஆளைப் பிடித்து வைக்கும் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல். எங்கள் தாத்தாவுக்குச் சொந்த வாசல் இல்லை. அம்மா பெயரில் பட்டா இருக்கிறது. அந்தப் பட்டாவில் இருக்கும் வாசலைத் தாண்டித்தான் அவர் ஷூவோடு வந்தார்.

கந்துவட்டிக்காரரிடம் ரிசர்வ் வங்கி நெறிமுறையைக் காட்டினால் சிரிப்பார். அவருக்கு வேறு சட்டம். 2003-இல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டல், மீட்டர் வட்டி எல்லாவற்றையும் தடை செய்தது. அது இருக்கும்போதேதான் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தது. பலமுறை மனு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டுக்கு அடிக்கடி வந்து தொல்லை கொடுப்பது, உடைமையில் கைவைப்பது எல்லாம் அதில் வலுக்கட்டாய நடவடிக்கை. மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். சட்டம் பலமாகத்தான் இருக்கிறது. ஸ்டேஷனில் "கொடுக்கல் வாங்கல் சிவில் மேட்டர், பேசித் தீர்த்துக்கோங்க" என்று சொல்லும் வாய் அதைவிடப் பலமாக இருக்கிறது. கடன் சிவில்தான். வீட்டுக்குள் புகுந்து மிரட்டியது சிவில் இல்லை. புகாரில் கடனைப் பற்றி ஒரு வரி போதும். யார், எத்தனை மணிக்கு, எங்கே நின்று, என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448.

போன வருடம் பக்கத்துக் காலனியில் ஒரு சித்தி போன் செய்தார். "ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க, உள்ள வரப் பாக்குறாங்க." நாங்கள் நாலு பேர் போனோம். அக்காதான் பேசினாள். அடையாள அட்டை கேட்டாள், கம்பெனி கொடுத்த அனுமதிக் கடிதம் கேட்டாள், எத்தனை டியூ தவறியது என்று கேட்டாள். ஒருவர் எகிறினார். இன்னொருவர், எங்கள் வயதுதான் இருக்கும், பேசாமல் மேனேஜருக்குப் போன் போட்டுத் தள்ளிப் போய் நின்றார். பிறகு டீக்கடையில் அவரிடம் பேசினோம். செய்யாறு பக்கம் காலனிப் பையன். பி.காம். அன்றைய கலெக்‌ஷன் வராவிட்டால் இன்சென்டிவ் போய்விடும், ராத்திரி மீட்டிங்கில் நிற்க வைத்துத் திட்டுவார்களாம். அவர் வண்டிக்கும் இரண்டு டியூ பாக்கி. இவரிடம் கோபப்பட்டு என்ன செய்ய?

அன்று அவர்கள் உள்ளே வரவில்லை. ஆனால் அடுத்த சென்டர் மீட்டிங்கில் குழுப் பெண்கள் அந்தச் சித்தியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களையும் எழுந்து போக விடுவதில்லை. "உன்னாலதான் எங்களுக்கு அடுத்த லோன் வராது" என்று சண்டை. அதற்கு எங்களிடம் எந்தப் பிரிவும் இல்லை. குழுவில் அத்தனை பேரையும் உட்கார வைத்து, இரண்டு வாரம் பேசி, அவரவர் கடன் அட்டையை எடுத்து வரச் சொல்லிக் கணக்குப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. ஒரு அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கியவருக்கே தெரியவில்லை. கடனாளிக்குப் புரியும் மொழியில்தான் தர வேண்டும் என்பதும் அந்த நெறிமுறையில் இருக்கிறது. சித்தி இப்போதும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கடனைக் கட்ட வேண்டாம் என்று நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் அக்காவின் கடைசி வருடத்துக்கு எடுத்த கடன் இன்னும் ஓடுகிறது. வாசலில், வேப்பமர நிழலில், அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார். டியூ கேட்டு யார் வந்தாலும் அதில்தான் உட்கார வேண்டும். மழை வந்தால் நாற்காலியை உள்ளே எடுத்து வைப்போம். அப்போது வருகிறவர் குடையோடு நிற்பார். தண்ணீர் வேண்டுமா என்று அம்மா இப்போதும் கேட்கிறார்.