பந்தயம் புளியங்கொட்டை

அரக்கோணம் மார்க்கத்து லோக்கலில் காலை வண்டி பிடித்தவர்களுக்குத் தெரியும்: எதிரெதிர் இருக்கையில் நாலு பேர், மடிகளுக்குக் குறுக்கே விரித்த துண்டு, அதில் சீட்டு. கொரட்டூரில் ஏறி அப்படி ஒரு கோஷ்டியில் நானும் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆட்டம் இருபத்தெட்டு. மொத்தம் 32 சீட்டு. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்துக்கு 7, நாலு இனத்துக்கு 28. இலங்கைத் தமிழர்கள் ஆடும் முந்நூற்று நாலும் இதே வகையறாதான்: ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டி நாலால் பெருக்கிப் பாருங்கள். இறங்கிய சீட்டை மனசில் வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை புள்ளி வெளியே வரவேண்டும் என்று வில்லிவாக்கம் வருவதற்குள் சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் பெட்டியில் இருந்தார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் 35-ஐத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு வெளியே வந்தவர்களும் அவர்களில் உண்டு.

பேத்தி இரண்டாம் வகுப்புக்கு வந்து, கழித்தல் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தபோது ஒரு புதுச் சீட்டுக்கட்டு வாங்கி வந்தேன். வீட்டில் உடனே எதிர்ப்பு. "என்னங்க இது, விளக்கு வெக்கிற நேரத்துல குழந்தை கையில சீட்டைக் குடுத்துக்கிட்டு?" வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் உருட்டலாம், லீவு நாளில் தாயம் ஆடலாம், சீட்டு மட்டும் ஆகாது. தருமர் நாட்டைத் தோற்றது பகடையில்தானே, சீட்டிலா என்று கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. மனைவியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. அதே ரம்மி போனுக்குள் புகுந்து குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தியதையும் பார்த்தோம். 2025-ல்தான் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை போட்டது. அதனால் எங்கள் வீட்டில் காசுப் பேச்சே கிடையாது. பந்தயம் புளியங்கொட்டை.

ஆட்டம் இதுதான். ராஜா, ராணி, ஜாக்கியை எடுத்துவிட்டால் ஒன்று முதல் பத்து வரை 40 சீட்டு மிஞ்சும். ஆளுக்குப் பாதி, கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். பெரிய சீட்டு வைத்தவருக்கு, எவ்வளவு பெரிதோ அவ்வளவு கொட்டை. என் ஐந்துக்கு எதிரே பேத்தியின் ஒன்பது விழுந்தால் நான் நாலு கொட்டை தரவேண்டும். கழித்தல் என்ற பெயரை யாரும் எடுப்பதில்லை.

மூலையில் அச்சடித்திருக்கும் எண்ணை முதலில் அவள் பார்க்கவே மாட்டாள். ஏழு ஆர்ட்டின் விழுந்தால் ஒவ்வொரு இதயமாக விரல் வைத்து எண்ணுவாள். போகப்போக விரல் நின்றது. "இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, நடுவுல ஒண்ணு." எட்டு என்றால் நடுவில் இரண்டு. ஒன்பதில் நாலும் நாலும், நடுவில் ஒன்று. கழிப்பதற்கும் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்: என் ஐந்தைப் பார்த்துவிட்டு, தன் ஒன்பதில் ஐந்து இதயங்களை உள்ளங்கையால் மூடி, வெளியே தெரிவதை எண்ணிக் கை நீட்டுவாள். பாடப்புத்தகத்தின் 9 வெறும் எழுத்து. சீட்டில் எழுத்தும் அதன் அளவும் ஒரே முகத்தில் இருக்கின்றன.

உளவியலாளர் பியாஜேயிடம் படித்த கான்ஸ்டன்ஸ் காமி, 1985-ல் வெளிவந்த தன் நூலில், சின்ன வகுப்புகளுக்குப் பயிற்சித்தாளை விட்டுவிட்டுச் சீட்டும் பகடையும் கொடுக்கச் சொன்னார். பயிற்சித்தாளில் சரியா தப்பா என்று டீச்சர் வந்து சொல்லவேண்டும். ஆட்டத்தில் எதிராளியே விடமாட்டான். கீதா ராமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்று முதல் பத்து வரை கட்டம் போட்ட பலகையில் ஆடிய ஏழைக் குழந்தைகள் எண்ணில் தேறினார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதாவது, வெறுமனே விளையாடினால் போதாது.

நம் ஊரிலும் அட்டை வகுப்பறைக்குள் வந்ததுதான். 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08-ல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, ஏணிப்படி அட்டவணையில் தங்கள் படி எதுவென்று பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துவந்து படித்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஏணியில் பிள்ளை தன் வேகத்தில் ஏறியது, எதிரே ஜெயிக்க ஆள் இல்லை. என் பேத்திக்கு ஏறுவதைவிட என்னைத் தோற்கடிப்பதில்தான் குறி. நாலு கொட்டை தரவேண்டிய இடத்தில் நான் மூன்றைத் தள்ளினால், "தாத்தா, ஏமாத்துற!" என்ற சத்தம் தெருக்கோடிக்குக் கேட்கும்.

சீட்டு சொல்லித்தருவதில் கஷ்டம் குழந்தைக்கு இல்லை, பெரியவர்களுக்குத்தான். வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டுமே! ஒருநாள் ஆட்டம் சூடு பிடித்திருந்தபோது அவள் அப்பா ஆபீஸிலிருந்து வந்தான். செருப்பைக் கழற்றியபடியே, "பத்துல மூணு போனா எவ்வளவு? சொல்லு பார்ப்போம்," என்றான். அவ்வளவுதான். சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்கு முந்தின நிமிஷம்தான் அதே பத்துக்கும் மூன்றுக்கும் ஏழு கொட்டையை என்னிடமிருந்து பிடுங்கியிருந்தாள். கேள்வி வந்ததும் அது பரீட்சையாகிவிட்டது.

இப்போது பக்கத்து வீட்டுப் பையனும் வருகிறான், கழுதை ஆடுகிறோம். சின்னக் கைக்குள் அத்தனை சீட்டு நிற்காது என்பதால் துணி கிளிப்பில் செருகிக் கொடுக்கிறேன். யாரிடம் எந்த இனம் தீர்ந்தது, எப்போது வெட்டு விழும் என்பதை இரண்டும் என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கின்றன. அடுத்த வகுப்புக்குப் பெருக்கல் வருமே என்று இரண்டு சீட்டைப் பெருக்கும் ஆட்டமும் கொடுத்துப் பார்த்தேன். ஐந்தும் பத்தும் விழுந்தால் குஷி, ஏழும் எட்டும் விழுந்தால் கொட்டாவி. ஏழாம் வாய்ப்பாட்டை எந்தச் சீட்டும் சொல்லித்தராது போலிருக்கிறது. உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்வதுதான் வழி. அந்த வேலையை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கேள்வி கேட்க அவனுக்குத்தானே ஆசை.