கடலடியில் ஒரு கம்பளிச் சட்டை

கடலில் மூழ்குகிறவனுக்கு ஆடையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கத் தோன்றும். மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்கள் இடுப்புத் துணியோடு இறங்கினார்கள். வெதுவெதுப்பான அந்தக் கடலுக்கு அது போதும். நார்வே நாட்டுக் கடல் அப்படிப்பட்டதன்று. பனிக்காலத்தில் அதன் வெப்பம் 5 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்.

என் ராத்தாவின் மகன் அங்கே சால்மன் மீன் பண்ணையொன்றில் மூழ்காளராக வேலை பார்க்கிறான். கடலில் தொங்கும் வலைக்கூண்டுகளில் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பதும், செத்த மீன்களை அகற்றுவதும் அவன் பணி. முதன்முறை புறப்பட்டபோது ராத்தா அவன் பெட்டியில் ஒரு டஜன் பருத்திப் பனியன்களை அடுக்கி வைத்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று போட்டால் குளிர் அண்டாது என்பது அவர்கள் கணக்கு. பிள்ளையோ, "மாமா, இதைப் போட்டுக்கொண்டு நான் இறங்கக் கூடாது. உம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள்" என்று பொறுப்பை என்மீது போட்டுவிட்டான். வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் பாடம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவனைத் துருவித் துருவிக் கேட்டும், விடுமுறையில் அவன் கொண்டுவந்த உடுப்பைக் கையிலெடுத்துப் பார்த்தும் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் குளிர்நாடுகளில் இருக்கக்கூடும் அல்லவா?

பள்ளிவாசலில் கவனித்திருப்பீர்கள். பளிங்குத் தரையில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும். பக்கத்தில் விரித்த பாயில் அப்படி இராது. உண்மையில் இரண்டின் வெப்பமும் ஒன்றேதான். தரை நம் உடற்சூட்டை விரைந்து இழுக்கிறது. பாய் மெல்ல வாங்குகிறது. தண்ணீரும் அந்தத் தரையைப் போன்றதே. அசையாத காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு சூட்டைக் கடத்த வல்லது. ஆகவே குளிர்கடலில் இறங்குகிறவர் தம் மேனியைச் சுற்றிக் கொஞ்சம் காற்றை உடுத்திக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

மூழ்குவோர் அணியும் உறை இருவகைப்படும். அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஹியூ பிராட்னர் 1952-இல் வடிவமைத்த 'வெட் சூட்' வகையில் தண்ணீர் உள்ளே புகும். நியோப்ரீன் ரப்பரில் அடைபட்ட நுண்குமிழிகளே குளிரைத் தடுக்கின்றன. ஆழம் கூடக்கூட அவை நசுங்கும். 10 மீட்டர் ஆழத்தில் காற்றின் கனஅளவு பாதியாகிவிடுகிறது. எனவே குளிர்நீரில் நீண்டநேரம் உழைப்பவர்கள் 'டிரை சூட்'டையே நாடுகிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்கும் அந்த உறைக்குள் தண்ணீர் வராது. ஆனால் என் மருமகனுடைய உறையைத் தொட்டுப் பார்த்தேன். மழைக்கோட்டு போல மெல்லிய கூடு! சூட்டைக் காப்பது அதனுள்ளே அணியும் உடையே.

இங்கேதான் நம் பருத்தி கைவிடுகிறது. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு படகில் நிற்கும்போதே வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டும். இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தை ஈரம் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு இதமான அதே குணம் அங்கே பகையாகிவிடுகிறது. கம்பளியோ தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் நனைந்தது போலத் தோன்றாது. அதன் சுருண்ட இழைகள் துவண்டுவிடாமல் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். செம்புத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு இறங்கிய பழைய காலத்து மூழ்காளர்களும் உள்ளே கம்பளி உடையும் தலையில் கம்பளித் தொப்பியும் அணிந்திருந்தார்கள் என்பதை வரலாற்று மாணவன் என்ற முறையில் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

அவன் அணிவது மெரினோ ஆட்டு ரோமத்தில் நெய்த மெல்லிய மேல்சட்டையும் காலாடையும். அவற்றின்மேல், செயற்கை இழை பொதிந்த, மெத்தை போன்ற ஒரே உடுப்பு. "அப்படியானால் கம்பளியிலேயே மூன்று போடட்டுமே" என்றார்கள் ராத்தா. அதுவும் ஆகாது. திணித்து அணிந்தால் உள்ளிருக்கும் காற்று நசுங்கும்; கையை வளைத்து வால்வைத் தொட முடியாது. தளர்வாக அணிந்தாலோ காற்று மிகும். மிதக்கும் உடலை அமிழ்த்தக் கூடுதல் ஈயக்கட்டிகளைச் சுமக்க வேண்டும். சட்டைக் கையின் ஓரம் மணிக்கட்டுப் பட்டைக்கு அடியில் சிறிது நுழைந்தாலும் போதும், அதன் வழியே கடல் உள்ளே கசியும்.

என் கருத்தில், உறை கசியாது என்று நம்பி உள்ளுடையைத் தேர்வது சரியன்று. கசிந்த பிறகும் படகுக்கு ஏறி வரும்வரை எது காக்கும் என்றே பார்க்க வேண்டும். உடல் குளிர்ந்தால் முதலில் விரல்கள் மரத்துப்போகின்றன. வலைக்கூண்டுக்குள் சிக்கிக்கொண்டவன் கத்தியை எடுத்து அறுக்க வேண்டிய விரல்கள் அவை.

பாயும் பளிங்கும் பற்றி நான் சொன்னதெல்லாம் ராத்தாவின் காதில் ஏறவில்லை. விரல்களைப் பற்றிச் சொன்னதும் மௌனமானார்கள். முந்தைய நாள் வியர்வை காயாத உடுப்பை மறுநாள் காலையில் அணிந்தால் கம்பளியாயினும் குளிரும் என்பதையும் மகனிடம் கேட்டறிந்துகொண்டார்கள். இப்போதெல்லாம் தொலைபேசியில் ஸலாம் சொன்ன கையோடு, "கம்பளி காய்ந்துவிட்டதா வாப்பா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பனியன்களை அவன் வீணாக்கவில்லை. வேலை முடிந்து வந்தபின் கதகதப்பான அறையில் போட்டுக்கொள்கிறானாம்.