நம்பத்தக்க எஞ்சின்

கொல்கத்தாவின் தென்பகுதியில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கிறது பெஹாலா. அங்கு வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் வெள்ளை நிற அம்பாசிடர் மகிழுந்து இருந்தது. ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், 1988ஆம் ஆண்டு உருவான வண்டி அது. தாத்தா வாங்கிய அதனைத் தந்தை நாள்தோறும் ஓட்டிவந்தார். வாரம் இருமுறை பாட்டியை இரத்தச் சுத்திகரிப்புக்காக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதன் பணியே.

2018 செப்டம்பர் 4 அன்று மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. பெஹாலாவை நகரின் நடுப்பகுதியோடு இணைத்த முதன்மை வழி அடைபட்டது. வண்டிகள் மாற்றுவழிகளில் ஊர்ந்து சென்றன. அத்தகைய நெரிசலில் ஒருநாள் அம்பாசிடரின் எஞ்சின் கொதித்து ஆவி எழுந்தது. பின்னிருக்கையில் பாட்டி அமர்ந்திருந்தார். பதற்றத்தில் தந்தை குளிர்ந்த நீரை ரேடியேட்டரில் ஊற்றினார். வெப்பத்தால் விரிந்திருந்த இரும்பு திடீரெனக் குளிர்ந்தால் ஒரே சீராகச் சுருங்காது. அதில் வெடிப்பு விழக்கூடும். அன்று அதுவே நிகழ்ந்தது. பாட்டி இரண்டு மணிநேரம் தாமதமாக, வாடகை வண்டியில் மருத்துவமனை சென்றடைந்தார்.

"தாதா, பிளாக்கே வெடித்துவிட்டது. ஒட்டவைத்தாலும் நம்ப முடியாது. வேறு எஞ்சின்தான் வேண்டும்" என்றார் மிஸ்திரி. 2014ஆம் ஆண்டிலேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. புதிய மகிழுந்து வாங்கக் குடும்பத்திடம் பணம் இல்லை. எனவே, ஏற்கெனவே ஓடிய எஞ்சின் ஒன்றையே தேட வேண்டியிருந்தது.

அண்டைவீட்டார், பிற்கால அம்பாசிடர்களில் இருந்த 1817 கன சென்டிமீட்டர் இசுசு எஞ்சினைப் பரிந்துரைத்தார். அது ஆற்றல் மிக்கது. ஆனால் பழைய வண்டியில் இருந்ததோ 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். இசுசுவைப் பொருத்தினால் கியர்பெட்டியும் தாங்கிகளும் மாற வேண்டும், செலவு பெருகும்.

அடுத்து, தந்தையும் மகளும் மிஸ்திரியுடன் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற மல்லிக் பஜாருக்குச் சென்றனர். அங்கே ஒரு கடையில், புதிதாக வண்ணம் பூசிய 1489 எஞ்சின் தரையில் பளபளத்தது. விலையும் குறைவு. தந்தையின் கை பணப்பையை நோக்கிச் சென்றது. மிஸ்திரி குனிந்து, எஞ்சின் எண் இருக்க வேண்டிய இடத்தைத் தடவிப் பார்த்தார். எண் தேய்க்கப்பட்டிருந்தது.

"காக்கு, எண் இல்லாவிட்டால் என்ன?" என்று மகள் கேட்டாள்.

"பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண் எழுதப்பட்டிருக்கும். எஞ்சினை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் புதிய எண்ணைப் பதிய வேண்டும். எண் இல்லாத எஞ்சின் யாருடையது என்று எவருக்குத் தெரியும்? அது ஓடும் ஒலியையும் நாம் கேட்கவில்லை" என்றார் அவர். மூவரும் வெறுங்கையுடன் திரும்பினர்.

சில நாள்களில் சக்கேர்பஜாரில் ஒரு பழைய அம்பாசிடர் இருப்பது தெரியவந்தது. அதன் உடல் துருப்பிடித்திருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. உரிமையாளரான முதியவர், எண்ணெய் மாற்றிய நாள்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தார். "அடியில் எண்ணெய் கசிகிறது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவரே முன்வந்து கூறினார்.

மிஸ்திரி எஞ்சினை இயக்கிப் புகையைக் கவனித்தார். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெண்புகை தொடர்ந்து வந்தால் நீர் உள்ளே புகுகிறது. இரண்டும் இல்லை. எண்ணெயில் நீர் கலந்தால் தோன்றும் பால் நிறமும் இல்லை. பின்பு நான்கு உருளைகளின் அழுத்தத்தை அளந்தார். அளவுமானி 130, 128, 130, 122 எனக் காட்டியது. வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் அடங்கியதால் அவர் தலையசைத்தார்.

திருக்குறளின் 51ஆம் அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆராய்ந்த பின்னரே ஒருவரை நம்ப வேண்டும் என்பது அதன் கருத்து. அன்று இரவு தந்தை அதனை மகளுக்கு விளக்கினார். "பளபளப்பைப் பார்த்து நானே ஏமாறவிருந்தேன்" என்றும் ஒப்புக்கொண்டார்.

எஞ்சின் மாற்றப்பட்டது. கசிவை நிறுத்தப் புதிய கேஸ்கெட்டுகள் பொருத்தப்பட்டன. முன்பு கொதித்ததற்குக் காரணம் ரேடியேட்டரில் படிந்திருந்த அடைப்பே. அதை நீக்காவிட்டால் இந்த எஞ்சினும் பழுதாகும் என்பதால், ரேடியேட்டரும் தூய்மை செய்யப்பட்டது. புதிய எண் பதிவுச் சான்றிதழில் ஏறியது.

மறுவாரம் மருத்துவமனைக்குப் புறப்படும்போது பாட்டி கதவைப் பிடித்தபடி நின்றார். "இது வழியில் நிற்காதே?" என்று கேட்டார்.

"அளந்து பார்த்துத்தான் வாங்கினோம், பாட்டி" என்றாள் பேத்தி. பாட்டி ஏறி அமர்ந்தார்.

சிந்தித்து விடை எழுதுக
1. மல்லிக் பஜாரில் பார்த்த எஞ்சினை மிஸ்திரி ஏன் மறுத்தார்?
2. தம் வண்டியின் குறையை முதியவர் தாமே கூறியது பற்றி உம் கருத்து யாது?
3. உருளைகளின் மிகக்கூடிய அழுத்தத்துக்கும் மிகக்குறைந்த அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை விழுக்காட்டில் கணக்கிடுக.