கூட்டம், கும்பல், மோதல்

ஆங்கிலத்தில் அசெம்பிளி என்று ஒரு சொல் உண்டு. 234 எம்.எல்.ஏ.க்கள் கூடினால் அசெம்பிளி. காலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றால் அதுவும் அசெம்பிளி. நம் தெருவில் ஐந்து பேர் சேர்ந்து நின்றால் மட்டும் முன்னால் ஒரு ஒட்டு வந்துவிடும்: அன்லாஃபுல் அசெம்பிளி. எங்கள் கடலாடிக்கு முன்பு தனிச் சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008 மறுவரையறையில் அது போய், இப்போது நாங்கள் முதுகுளத்தூர் தொகுதி. முதல் அசெம்பிளி போய்விட்டது, கடைசி அசெம்பிளி ஊரிலேயே இருக்கிறது.

கேதரிங், மீட்டிங், காங்கிரிகேஷன், கிரவுட், மாப். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகள் இவற்றை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று மனப்பாடம் செய்கிறீர்கள். தேர்வுக்குச் சரி. தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் நிற்க இடமில்லாமல் கூடுகிறவர்கள் காங்கிரிகேஷன். செப்டம்பர் 11 அன்று மாலையோடு பரமக்குடி போகிற நாங்கள் கிரவுட். எங்கிருந்தோ ஒரு கல் விழுந்தால் மாப்.

1957 செப்டம்பர் 10 அன்று கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் இமானுவேல் சேகரன் சரிசமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். 2011இல் அவருடைய நினைவு நாளுக்கு வந்தவர்கள் மீது அதே பரமக்குடியில் போலீஸ் சுட்டது, நம் ஆட்கள் செத்தார்கள். ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள், இரண்டுமே 'ரயட்' என்ற சொல்லுக்குள்தான் கிடக்கின்றன. சுட்டவர் யார், சுடப்பட்டவர் யார் என்று அந்தச் சொல் சொல்வதே இல்லை.

'ஐந்து பேர் நின்றாலே கேஸ்' என்று எங்கள் பையன்கள் இன்றும் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டம் 141, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 189, இரண்டும் தலையை மட்டும் எண்ணுவதில்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு பொது நோக்கம் இருக்க வேண்டும். அந்த நோக்கம் சட்டம் பட்டியலிட்டவற்றில் ஒன்றாகவும் இருக்க வேண்டும். வன்முறையால் அரசை அச்சுறுத்துவது, சட்டம் நிறைவேறுவதைத் தடுப்பது போன்றவை. மனுவோடு நிற்பது அதில் இல்லை. தடை உத்தரவை மீறுவது வேறு குற்றம், வேறு பிரிவு. பழைய 144, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 163, பொதுவாக இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்க முடியாது. செப்டம்பர் 11, அக்டோபர் 30 இரண்டையும் சேர்த்து மூட அந்த இரண்டு மாதம் போதும். எங்கள் மாவட்டத்துக்காகவே அளவெடுத்துத் தைத்தது போல.

இதில் மோசமானது பழைய 149, இப்போதைய 190. கூட்டம் சட்டவிரோதம் என்று முடிவாகிவிட்டால், பொது நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றம் கூட இருந்த எல்லோர் தலையிலும் ஏறும். சுடுகாட்டுப் பாதை கேட்டுப் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் மேல் 'சட்டவிரோதமாகத் திரண்டு' என்று எழுதினார்கள். அதில் ஒருவன் காவலர் தேர்வில் உடல்தகுதி வரை தேறியவன். சரிபார்ப்பில் அந்த ஒற்றை வரி முன்னால் வந்து நின்றது.

'மோதல்' என்பதும் ஒரு வகையில் சேர்வதுதான், இரண்டு பேர் எதிரெதிராக வந்து சேர்வது. ஆங்கிலத்தில் கிளாஷ். பைக்கில் போனதற்காக ஒருவனை அடித்தால் அது தாக்குதல். 'இரு தரப்பு மோதல்' என்று எழுதினால் இரண்டு பக்கமும் கேஸ், பிறகு அமைதிக் கூட்டம், பிறகு 'விட்டுக்கொடுங்கப்பா'. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிவானால் டிஎஸ்பி நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும், 60 நாளில் குற்றப்பத்திரிகை போக வேண்டும். ஒரு சொல்லில் இவ்வளவும் தொங்குகிறது.

அம்பேத்கர் 1924இல் சபா என்றார், 1942இல் ஃபெடரேஷன் என்றார். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும், சங்கம் அமைக்கவும் தனித்தனியாக உரிமை தருகிறது. ஆகவே மனுவில் 'ஊர் மக்கள் திரண்டு வந்தோம்' என்று நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். 'எங்கள் சங்கத்தின் சார்பில் பிரதிநிதிகள் பன்னிரண்டு பேர் நேரில் வந்து மனு கொடுத்தோம்' என்று எழுதுங்கள். பெயர், தேதி, நேரம் போடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். வாங்கியவுடன் அங்கேயே நின்று 'மோதல்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.